புரட்டாசியில் வரும் வசந்தம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வசந்தம் புரட்டாசியோடுதான் வருகிறது. தமிழ்நாட்டில் மழைக்காகக் காத்திருக்கும் அந்த மாதத்தில் இங்கே குளிர் விலகி வேலமரங்கள் துளிர்க்கின்றன. இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் பல வீடுகள் இறைச்சியையும் மீனையும் ஒதுக்கி விரதம் காக்கும் அதே வாரங்களில், வலசைப் பறவைகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன.

இந்த ஆண்டு முதல் செய்தியைச் சொன்னவர் பெரியம்மா. இரண்டாம் சனிக்கிழமை விடியலில் விளக்கேற்றிக்கொண்டிருந்தவர், "கேட்டியாப்பா, வந்திருச்சு" என்றார். இறங்கி இறங்கி ஒலிக்கும் மூன்று சுரங்கள்: செம்மார்புக் குயில். ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் அதன் பெயரே அந்தக் கூவல்தான், 'பீட்-மை-ஃபிரோ'. ஸுலு மக்களுக்கோ அது மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போகச் சொல்லும் அழைப்பு. பறவையியல் கணக்கில் குயில் பாடும் பறவை இனத்தில் சேராது. பெரியம்மாவிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

உண்மையான பாடும் பறவைகளைத் தேடி நான் போவது சில்வர்கிளென் காப்பகத்துக்கு. அங்கே பல ஆண்டுகள் நான் செய்த தவறு, வந்தவை எல்லாம் பாடும் என்று காத்திருந்ததுதான். வசந்தத்தில் இங்கு வருபவை இரு வகை. ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிகளிலிருந்து இறங்கி வரும் ஊதாமுதுகு மைனா போன்றவை இங்கே கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. வெயில் பட்டால் ஆண் பறவையின் முதுகு பட்டுப்புடவையைப் போல மின்னும், பழுப்புக் கோடுகளோடு இருக்கும் பெண்ணைப் பார்த்தால் வேறு இனம் என்றே தோன்றும். ஐரோப்பாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வருபவையோ தங்கள் குஞ்சுகளை அங்கேயே வளர்த்து முடித்துவிட்டவை. அவை இங்கு வருவது உண்ணவும் இறகு மாற்றவுமே, பாடுவதற்கு அல்ல.

பத்து கிராம் எடைகூடத் தேறாத வில்லோ கதிர்க்குருவி இந்த இரண்டாம் வகை. ஆண்டுக்கு இருமுறை தன் இறகுகள் அனைத்தையும் மாற்றிக்கொள்ளும் மிகச் சில பறவைகளில் இதுவும் ஒன்று. ஒருமுறை வடக்கே, ஒருமுறை ஆப்பிரிக்காவில். வேலமர உச்சியில் இலைக்கு இலை தாவிப் பூச்சி பொறுக்கும் இதை, மங்கிய மஞ்சள் மார்பைப் பார்த்து வெள்ளைக்கண்ணி என்று குறித்துவைத்த நாள்கள் எனக்கு உண்டு. இப்போது முதலில் முகத்தைப் பார்க்கிறேன்: வெள்ளைக்கண்ணிக்குக் கண்ணைச் சுற்றி வளையம், கதிர்க்குருவிக்குக் கண்ணுக்கு மேலே வெளிறிய புருவக்கோடு. குரலும் உதவும், கேள்வி கேட்பதுபோல் மேலேறி முடியும் மெல்லிய 'ஹூ-ஈத்' அது. கடைசிச் சனிக்கிழமையன்று அந்த ஒலியைத்தான் முதலில் கேட்டேன், பிறகே பறவையைக் கண்டேன்.

தகைவிலான்கள் (ஸ்வாலோ பறவைகள்) இன்னும் திரளாக வரவில்லை. அவை எங்கிருந்து வருகின்றன என்பதற்கான முதல் சான்று கிடைத்ததும் எங்கள் மாகாணத்தில்தான்: 1911 மே மாதத்தில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் காலில் வளையம் மாட்டப்பட்ட ஒரு தகைவிலான், 1912 டிசம்பரில் நேட்டாலின் (இன்றைய குவாஸுலு-நேட்டால்) உட்ரெக்ட் அருகே ஒரு பண்ணையில் பிடிபட்டது. வெருலத்தை அடுத்த மவுண்ட் மோர்லேண்டின் நாணற்புதர்களில் 30 லட்சம் தகைவிலான்கள் வரை இரவில் வந்து தங்கும் என்று ஒரு காலத்தில் மதிப்பிட்டார்கள். 2010இல் அருகே கிங் ஷாகா விமான நிலையம் திறக்கப்படுவதற்கு முன் அந்த நாணல்கள் பிழைக்குமா என்ற கவலை எழுந்தது. எதிர்ப்புக்குப் பிறகு நாணல்கள் தப்பின, பறவைக் கூட்டங்களைக் கண்காணிக்க ரேடாரும் வந்தது.

தீபாவளி முடிந்ததும் ஒரு மாலை அங்கே போக வேண்டும். மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்கில் தேநீரும் இருந்தால் தானும் வருவதாகப் பெரியம்மா சொல்லியிருக்கிறார்.