65-லும் 72-லும் ஒரே சுருட்டு: ரோபஸ்டோ சுவைக் குறிப்பு

கையால் சுற்றிய நல்ல சுருட்டு கசந்தால் பழி இலைமேல்தான் விழுகிறது. பல நேரம் கோளாறு ஈரப்பதத்தில் இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்க, ஒரே பெட்டியில் இருந்து ரோபஸ்டோ என்ற அளவில் இரண்டு சுருட்டுகள்: நீளம் 5 அங்குலம், பருமனைக் குறிக்கும் ரிங் கேஜ் 50. ஒரு ரிங் கேஜ் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு. ஆக விட்டம் கிட்டத்தட்ட 20 மி.மீ. ஒன்று, டப்பாவின் ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் பையோடு, மற்றது 72 சதவீதப் பையோடு, தனித்தனிக் காற்றுப்புகா டப்பாவில் சில வாரங்கள் இருந்தன. ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டரை முன்னதாகச் சோதித்தாக வேண்டும்: சாப்பாட்டு உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து அதனுடன் மூடி வைத்தால், மறுநாள் 75 காட்ட வேண்டும்.

பற்றவைக்கும் முன் தலையிலிருந்து (வாயில் வைக்கும் முனை) அடி வரை (பற்றவைக்கும் முனை) விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தோம். கல் போன்ற முடிச்சு இருந்தால் புகை அடைபடும். பொத்தென்ற இடம் இருந்தால் அங்கே சூடு ஏறும். தலையை மூடியிருக்கும் தொப்பியை 2 மி.மீ. அளவுக்கு, தோள் வளைவுக்கு மேலேயே வெட்ட வேண்டும். கீழே போனால் ராப்பர் எனும் வெளிச்சுற்று இலை பிரிந்துவிடும். பியூட்டேன் லைட்டர் போதும்; பெட்ரோல் லைட்டரின் வாடை முதல் இழுப்புகளைக் கெடுக்கும். தீநுனி படாமல் அடியைச் சுற்றிச் சுற்றி வாட்டி, விளிம்பெங்கும் கனிந்த பிறகே இழுப்பு.

72-ல் இருந்தது ஆரம்பத்திலேயே இறுக்கம். ஈரத்தில் இலை உப்பி, நடுவே காற்று போகும் வழி குறுகிவிடுகிறது. அதனால் பலமாக இழுக்கிறோம், கங்கு சூடேறுகிறது, கசப்பு வருகிறது. ராப்பர் பின்தங்கி, உள்ளே நிரப்பிய பில்லர் இலைகள் முன்னே எரிந்து குகை விழுந்தது; இடையில் அணைந்தும் போனது. 65-ல் இருந்தது நிமிடத்துக்கு ஓர் இழுப்பில் சீராக எரிந்து, உறுதியான சாம்பல் தந்தது. ஒரு பக்கம் மட்டும் லேசாகப் பின்தங்கியது. மெதுவாக எரியும் காரமான லிகேரோ இலை நடுவில் நிற்காமல் ஓரம் ஒதுங்கினால் இப்படி ஆகும். இது சுற்றியவர் கையின் குறை; பின்தங்கிய விளிம்பில் தீயைக் காட்டினால் சரியாகிவிடும்.

சுருட்டின் நீளத்தை மூன்று பாகமாகப் பிரித்துச் சுவையைக் குறிப்பதே நல்லது. நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, கசப்பு போன்ற சிலவே. மற்றதெல்லாம் மூக்கின் வேலை. வாயில் உள்ள புகையில் சிறிதளவை, நுரையீரலுக்கு இழுக்காமல், மூக்கு வழியே விட வேண்டும். முதல் பாகத்தில் மிளகுக் காரம் அங்கேதான் பிடிபட்டது. நடுப்பாகம் வறுத்த கொட்டை, கோகோ. இந்தச் சுருட்டின் சிறந்த பகுதி இதுவே. கடைசிப் பாகத்தில் இரண்டிலும் அம்மோனியா நெடி. இது ஈரத்தால் வந்ததல்ல. இலை இன்னும் பக்குவப்படவில்லை.

புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாயின் உட்தோல் வழியே நிக்கோட்டின் ஏறும். வாய்ப் புற்றுநோய் அபாயமும் உண்டு. வெறும் வயிற்றில் வேண்டாம். தலை சுற்றினால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

பெட்டியில் மிச்சமுள்ளவை 65-க்கு, 18 முதல் 20 டிகிரிக்குள் மாற்றப்பட்டுள்ளன. சூடு கூடினால் புகையிலை வண்டின் முட்டைகள் பொரித்து ராப்பரில் துளை விழும். அம்மோனியா தணிந்ததா என்று சில மாதங்கள் கழித்து மீண்டும் ஒன்றைப் பற்றவைத்துப் பார்க்க வேண்டும்.