ஆக்சஸா, ட்ரங்கா, ஹைபிரிடா?

ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவும் ஒரு விலேன் (VLAN). ஃப்ரேம் என்ற டேட்டா துண்டு எந்த விலேனுடையது என்று சொல்லும் எண்தான் டேக். நெட்வொர்க் ஸ்விட்ச் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஒரு போர்ட்டிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்விதான். டேக் இல்லாமல் உள்ளே வரும் ஃப்ரேமை எந்த விலேனில் சேர்ப்பது? வெளியே போகும் ஃப்ரேமில் டேக்கை விடுவதா, கழற்றுவதா? முதல் கேள்விக்கு விடை பி.வி.ஐ.டி. (PVID), அதாவது அந்தப் போர்ட்டுக்கென்று வைத்த விலேன் எண். சிஸ்கோவில், பல விலேன்களை டேக்கோடு சுமக்கும் ட்ரங்க் போர்ட்டில் அதையே நேட்டிவ் விலேன் என்பார்கள்.

கம்ப்யூட்டர், பிரிண்டர் மாட்டும் போர்ட் ஆக்சஸ். சிஸ்கோவில் 'ஸ்விட்ச்போர்ட் ஆக்சஸ் விலேன் 10' மட்டும் அடித்துவிட்டுப் போகக்கூடாது. 'ஸ்விட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்' என்பதையும் சேர்த்தே அடிக்கவும். சிஸ்கோவின் பல கேட்டலிஸ்ட் ஸ்விட்ச் மாடல்களில் போர்ட் 'டைனமிக் ஆட்டோ'வில்தான் இருக்கும். எதிர்ப்பக்கம் ட்ரங்க் கேட்டால் தலையாட்டிவிடும். இரண்டு பக்கமும் ஆட்டோ என்றால் ட்ரங்க் வரவே வராது.

ஆபத்து அதிகம் ட்ரங்கில்தான். ஓடிக்கொண்டிருக்கும் ட்ரங்கில் 30-ஐச் சேர்க்க 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் விலேன் 30' என்று அடித்தால் பழைய பட்டியல் மொத்தமும் போய் 30 மட்டும் மிஞ்சும். 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் விலேன் ஆட் 30' என்று அடிக்க வேண்டும். ஹுவாவேயில் 'போர்ட் ட்ரங்க் அலவ்-பாஸ் விலேன் 30' இருப்பதோடு சேர்த்துக்கொள்ளும். அதில் பழகிய கை சிஸ்கோவில் ஸ்விட்சுக்குள் நாம் நுழையும் மேனேஜ்மென்ட் விலேனையே அறுத்துவிடும். பிறகு கன்சோல் கேபிளோடு நேரில் போக வேண்டியதுதான். தூரத்து ஸ்விட்சில் கை வைக்கும் முன், இருக்கும் கான்ஃபிகை (அமைப்புகளை) சேவ் செய்துவிட்டு 'ரீலோட் இன் 10' போடுங்கள். தொடர்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் பழைய கான்ஃபிகோடு எழுந்துவரும். சரியாக வந்தால் 'ரீலோட் கேன்சல்' அடித்து, அப்புறம் சேவ் செய்யுங்கள்.

அடுத்து 'ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்'. அலவுட் பட்டியலில் 30 இருந்தும் அதற்குக் கீழே 'அலவுட் அண்ட் ஆக்டிவ்' பட்டியலில் இல்லையென்றால், அந்த ஸ்விட்சில் விலேன் 30-ஐ இன்னும் உருவாக்கவில்லை என்று அர்த்தம். ட்ரங்க் மீது பழி போடாதீர்கள். இதையே இரு முனை ஸ்விட்சிலும் அடித்தால் நேட்டிவ் விலேன் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

ஹைபிரிட் என்பது ஹுவாவே, எச்3சி ஸ்விட்சுகளின் வழக்கம். எந்த விலேன் டேக்கோடு, எது டேக் இல்லாமல் என்று தனித்தனியே சொல்லலாம். விலை குறைந்த ஸ்மார்ட் ஸ்விட்சுகளின் வெப் பக்கமும் கிட்டத்தட்ட இதே கணக்குதான், பெயர்தான் இருக்காது. அங்கே அன்டேக்ட் என்று டிக் செய்வது ஒரு பக்கம், பி.வி.ஐ.டி. வேறு பக்கம். இரண்டாவதை மறந்து 1-லேயே விட்டால் கோளாறு விசித்திரமாக இருக்கும்: வயர்ஷார்க்கில் (ஓடும் டேட்டாவைக் காட்டும் மென்பொருள்) விலேன் 10-இன் ஏ.ஆர்.பி. பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் முகவரி விசாரிப்பு) வந்து விழும், ஆனால் டி.எச்.சி.பி. வழியாக ஐ.பி. முகவரி கிடைக்காது. நம் கோரிக்கை விலேன் 1-க்குள் போய்க்கொண்டிருக்கும். அந்தப் போர்ட்டிலிருந்து விலேன் 1-ஐ நீக்காமல் விட்டிருந்தால் இன்னும் குழப்பம், அங்குள்ள ரேஞ்சிலிருந்து ஐ.பி. வந்து உட்காரும்.

எச்.பி. புரோகர்வ் ஸ்விட்சில் 'ட்ரங்க்' என்றால் பல கேபிளை ஒன்றாகக் கட்டுவது. விலேனுக்கு அங்கே 'டேக்ட்', 'அன்டேக்ட்' தான்.