நல்லதுதானே, மிஸ்?

"வீக்கம் வத்தீட்டுது, நல்லதுதானே மிஸ்?" என்று அந்த அம்மா கேட்டார். "ஓம் அம்மா, நல்லது" என்றேன். இரண்டு வருடமாகியும் அந்தப் பதிலை என்னால் விழுங்க முடியவில்லை.

வவுனியாவிலிருந்து மகனோடு கொழும்புக்கு வந்தவர். மகனுக்கு மோட்டார் சைக்கிள் விபத்து. வீங்கிய மூளைக்கு இடம் விட மண்டையோட்டில் ஒரு பக்க எலும்பை எடுத்திருந்தார்கள். அப்புறம் காயத்தால் தண்ணி கசிந்தது (மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றியிருக்கும் நீர்; சொந்தக்காரரிடம் தண்ணி, எங்களுக்குள் சீஎஸ்எப்). அதற்காக இடுப்பில் லம்பார் ட்ரெய்ன், அந்தத் தண்ணியை வடிக்கும் மெல்லிய குழாய், மணிக்கு 10 மில்லி. அன்று வாட்டில் தமிழ் பேசும் நர்ஸ் நான் மட்டும்தான். டொக்டர் சொன்னதையும் என்னிடம் ஒருதரம் கேட்டால்தான் அந்த அம்மாவுக்கு நிம்மதி.

எலும்பில்லாத இடத்துத் தோல் முதல் நாள் உப்பியிருந்தது. அன்று காலையில் கஞ்சிக் கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். வீக்கத்தோடேயே மல்லுக்கட்டிய கண்ணுக்குக் குழி எப்படி ஆபத்தாகத் தெரியும்?

சரி, அதற்கு மன்னிப்பு உண்டு என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு மணி வடிந்த அளவை எழுதும் சார்ட்டுக்கு? தலையிலும் முதுகிலும் சேர்த்து எந்நேரமும் இருப்பதே 150 மில்லி அளவுதான். 10, 10 என்று என் கையெழுத்து. அடுத்த வரியில் 45. ட்ரெய்னைக் காதுமட்டத்துக்குக் கட்டியிருந்தோம். அதை மூடாமல் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினால் தண்ணி ஓடத்தான் செய்யும். பிசியோ வந்து போனார். நானும் முகம் துடைத்துவிட்டேன். யார் உயர்த்தியது என்று இன்றுவரை ஞாபகமில்லை. 45 என்று எழுதிய கை ஏன் ட்ரெய்னை மூடவில்லை என்பதும் தெரியவில்லை.

பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஒரு கண்ணின் பியூப்பில், நடுக் கருமணி, பெருத்திருந்தது. தலையை உயர்த்து, மூளை வீக்கத்தை வற்றவைக்கும் மனிட்டோல் மருந்தை எடு என்று கை பழக்கத்தில் போனது. ஓடி வந்த டொக்டர் தடுத்தார். ட்ரெய்னை மூடச் சொன்னார், தலைப்பக்கத்தைத் தாழ்த்தி சேலைன் ஏற்றச் சொன்னார். எல்லாமே தலைகீழ். உள்ளே அழுத்தம் கூடவில்லை, குறைந்துவிட்டது. எலும்பில்லாத பக்கம் வெளிக்காற்று அழுத்த, மூளை கீழே சரிந்திருக்கிறது. மனிட்டோல் போயிருந்தால் இன்னும் வற்றியிருக்கும்.

அரிதாக நடப்பது, யாருக்குப் பிடிபடும் என்றார் சிஸ்டர். ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் 45ஐ வாசிக்க அனுபவம் தேவையில்லையே.

பின்னேரம் பியூப்பில் பழைய அளவுக்கு வந்தது. கூப்பிட்டதற்குக் கண் திறந்தான். அந்த அம்மா பார்க்க வந்தபோது குழி மேடேறித் தோல் மட்டமாகியிருந்தது. முகம் வாடிவிட்டது.

"திரும்ப வீங்குதோ, மிஸ்?"

"இல்லை அம்மா, இதுதான் நல்லது" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு, டொக்டர் எப்ப வருவார் என்று கேட்டார்.