யாரும் விலை கேட்கவில்லை

கையால் நோட்டுப் புத்தகம் தைத்து விற்பது என் தொழில். தாள் மடிப்பது, தைப்பது, அட்டை ஒட்டுவது, பார்சல் கட்டுவது, கணக்கு எழுதுவது எல்லாம் நான் ஒருத்திதான். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கச் சொல்லித் தம்பி நச்சரித்தபோது, "அதுக்குத் தனியா ஆள் வைக்கணும்டா" என்றேன். அப்புறம் நானேதான் தொடங்கினேன்.

முதல் ஆறு மாதம் அழகுப் படங்களாகப் போட்டேன். சாய்ந்த வெயில், ஓரத்தில் ஒரு பூ, நடுவில் நோட்டு. லைக்குகள் குவிந்தன, ஆர்டர் மட்டும் வரவில்லை. யார் இவர்கள் என்று பார்த்தால், பாதிப் பேர் என்னைப் போலவே நோட்டு தைத்து விற்பவர்கள்! காசு கொடுத்து விளம்பரமும் செய்து பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒருநாள் பாதித் தையலில் நூல் அறுந்துவிட்டது. மெழுகு தேய்க்க மறந்திருந்தேன். எரிச்சலில் அதையே வீடியோ எடுத்து, ஏன் அறுந்தது என்று பேசிப் போட்டுவிட்டேன். அதன் கீழேதான் முதன்முதலாகக் கேள்விகள் வந்தன. விரித்து வைத்தால் மடங்காமல் நிற்குமா? மைப்பேனாவில் எழுதினால் பின்பக்கம் ஊறுமா? இடதுகைக்காரர்களுக்கு ஏதாவது உண்டா? ஒருவர்கூட விலை கேட்கவில்லை.

மை ஊறும் கேள்விக்குப் பதில் சொல்லப் போய்த்தான், தாள் கனமாக இருந்தால் மட்டும் போதாது, மையை உறிஞ்சாதபடி பதப்படுத்தியதாகவும் இருக்க வேண்டும் என்று நானே கற்றுக்கொண்டேன். இடதுகைக்காரர்களுக்காக மேல்பக்கம் தைத்த நோட்டு ஒன்று செய்தேன். இன்று அதிகம் போவது அதுதான். இத்தனை வருடம் இந்தக் கேள்விகளை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நேரில் வந்தவர்கள் புரட்டிப் பார்த்தார்கள், பிடித்தால் வாங்கினார்கள், இல்லையென்றால் வைத்துவிட்டுப் போனார்கள். ஏன் வைத்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முதல் பெரிய ஆர்டர் வந்த வழி இன்னும் வேடிக்கை. பள்ளியில் கூடப் படித்தவள் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்துத் தன் நாத்தனாரிடம் காட்ட, அவர் தன் அலுவலகத்துக்காகக் கேட்டார். அந்தத் தோழியோடு நான் பேசியே பல வருடமாகிறது. மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது: புதுச் செய்தி நெருங்கியவர்களைவிட லேசான அறிமுகம் உள்ளவர்கள் வழியாகவே அதிகம் வரும், நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். என் வீட்டாருக்குத் தெரிந்த எல்லோரிடமும் ஏற்கெனவே என் நோட்டு இருந்தது!

சிறு வியாபாரிகளுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018இல் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொருவரோடும் பேசியதன் மேல் குறிப்பு ஒட்டிவைக்கும் லேபிள்தான். 'பணம் வரணும்' என்று ஒன்று வைத்திருக்கிறேன், அது காலியாக இருந்ததே இல்லை. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். முதலில் இது தொல்லையாகத் தெரிந்தது. இப்போது சரி என்றே படுகிறது, வேண்டாதவர் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. பார்சலுக்குள் 'எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று சீட்டு வைக்கிறேன்.

நடுவில் ஒரு தளத்தில் என் கணக்கு காரணம் சொல்லாமல் ஒன்பது நாள் முடங்கியது. அன்றுதான் உறைத்தது, வாடிக்கையாளர் எண்கள் எதுவும் என் கையில் இல்லை என்று. இப்போது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுகிறேன். நான் தைத்த நோட்டில்தான், வேறெதில் எழுதுவேன்?

நேற்று ஒருவர் கேட்டிருக்கிறார்: எழுதி முடித்தபின் அட்டையை வைத்துக்கொண்டு உள்தாளை மட்டும் மாற்ற முடியுமா? இன்னும் பதில் போடவில்லை. மேசையில் இரண்டு பழைய நோட்டுகளைப் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.