42 மீட்டர் கேபிளில் டிஎஸ்18பி20: ஒருவழியாக நிலைக்கு வந்தது

காளான் குடிலில் நான்கு டிஎஸ்18பி20 வெப்ப சென்சார்கள், வீட்டுக்குள் அவற்றைப் படிக்கும் ஒரு இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர், நடுவில் கேட்5இ நெட்வொர்க் கேபிள். மேஜையில் வைத்துப் பார்த்தபோது நான்கும் ஒழுங்காக ஓடின. குடிலுக்குக் கேபிள் இழுத்த அன்று ராத்திரியே -127 வர ஆரம்பித்தது, இடையிடையே 85.

இரண்டும் வேறு வேறு கோளாறு. -127 என்றால் சென்சார் பதில் சொல்லவில்லை, அல்லது வந்த தகவல் சிஆர்சி சோதனையில் (வழியில் பிழை புகுந்ததா என்று பார்க்கும் சோதனை) தேறவில்லை. 85 என்பது மின்சாரம் வந்தவுடன் சென்சாரில் இருக்கும் ஆரம்ப மதிப்பு, அதாவது அளந்து முடிக்க ஆகும் 750 மில்லிசெகண்டுக்குள் மின்சாரம் தடுமாறி ரீசெட் ஆகியிருக்கிறது. குடிலின் ஈரத்தில் கையால் முறுக்கிய இணைப்புகள் பச்சை பூத்துப்போயிருந்தன. சால்டர் செய்து, ஒவ்வொரு சென்சாரின் மின் கால்களுக்கு இடையிலும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்ததும் 85 நின்றுவிட்டது.

-127 மட்டும் போகவில்லை. இரண்டு நாள் சென்சாரையும் கோடையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் கேபிளைக் கணக்குப் போட்டேன். வீட்டிலிருந்து 30 மீட்டர், அங்கே ஒரு டப்பா, அதிலிருந்து நான்கு பக்கமும் 6 மீட்டர் கிளைகள், ஆக 54 மீட்டர். மீட்டருக்குச் சுமார் 50 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் என்றால் மொத்தம் 2700, அதை 4.7 கிலோ ஓம் புல்-அப்போடு (டேட்டா லைனை மேலே இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) பெருக்கினால் லைன் மேலே ஏறும் வேகத்தைக் காட்டும் நேரம் கிட்டத்தட்ட 12.7 மைக்ரோசெகண்ட். படிக்கும்போது பிட் தொடங்கி 15 மைக்ரோசெகண்டுக்குள் மதிப்பை எடுத்துவிட வேண்டும், ஆனால் லைன் அதற்குள் முழுசாக மேலே ஏறியே இருக்காது! போதாததற்கு ஒவ்வொரு கிளையின் முனையிலிருந்தும் சிக்னல் எதிரொலித்துத் திரும்பி வரும்.

அதனால் நட்சத்திரம் போலப் பிரிந்த கிளைகளைக் கழற்றிவிட்டு, ஒரே கேபிள் சென்சார் சென்சாராகத் தொட்டுக்கொண்டு போகும்படி மாற்றினேன், மொத்தம் 42 மீட்டர். டேட்டாவும் கிரவுண்டும் ஒரே முறுக்கு ஜோடியில். மிச்சக் கம்பிகளை இரு முனையிலும் எதோடும் சேர்க்காமல் விட்டேன், கிரவுண்டில் சேர்த்தால் கெபாசிட்டன்ஸ்தான் கூடும். புல்-அப் 1.5 கிலோ ஓம். 3.3 வோல்ட்டில் 2.2 மில்லிஆம்பியர்தான், சென்சார் 4 வரை தாங்கும். இப்போது அந்த 12.7 மைக்ரோசெகண்ட் சுமார் 3 ஆகிவிட்டது.

இன்னொன்று, சென்சார் அனுப்பும் ஒன்பது பைட்டும் பூஜ்யமாக வந்தால்கூட சிஆர்சி சரி என்றே சொல்லும். அதைத் தனியாகச் சோதிக்கச் சொல்லி கோடில் சேர்த்திருக்கிறேன்.

நிமிடத்துக்கு ஒருமுறை படித்து 11 நாள் ஆகிறது. சிஆர்சி தவறியது மூன்று முறை, மூன்றும் மறுபடி கேட்டதும் சரியாக வந்தன. அடுத்த குடிலுக்கும் நீட்டினால் இந்த லைனை ஓட்டுவதற்கென்றே உள்ள டிஎஸ்2482 சிப் போட்டுப் பார்க்கப் போகிறேன், லைனை வேகமாக மேலே இழுக்கும் வேலையை அந்தச் சிப்பே செய்யும்.