சேருக்குச் சொல்லாமல் விட்ட மிச்சப் பாதி

சேர் மோசம் போயிட்டாராம் எண்டு வட்ஸ்அப் குறூப்பில போட்ட நாளில இருந்து எனக்கு அந்த நெருப்புப்பெட்டிதான் கண்ணுக்க நிக்குது.

1993, கரண்ட் இல்லாத காலம். அண்ணா கனடாவில, அவரிட்ட இருந்து ஒரு கடிதம் வர மாசக்கணக்காகும், அம்மா ஒவ்வொரு நாளும் படலையைப் பாத்துக்கொண்டிருப்பா. அப்ப ஜாம்போத்தல் விளக்கில ஏதோ ஒரு பழைய சஞ்சிகையில வாசிச்சன், பின்னிப்பிணைஞ்ச ரெண்டு துணிக்கையில ஒண்டை அளந்தா, மற்றது எவ்வளவு தூரத்தில இருந்தாலும் அதின்ர விடை உடன தெரியுமாம். அடுத்த நாள் பௌதிகப் பாடத்தில எழும்பிக் கேட்டன், "சேர், அப்ப ஒளியை விட வேகமாச் செய்தி அனுப்பலாம்தானே?"

சேர் மேசை லாச்சியில இருந்து ரெண்டு வெறும் நெருப்புப்பெட்டி எடுத்தார். ஒண்டுக்க புளியங்கொட்டை, மற்றதுக்க குண்டுமணி, மாத்தி மாத்திக் குலுக்கி ஒண்டை என்ர கையில தந்தார். "மாமரத்தடியில போய்த் திறந்து பார். நான் உனக்கு என்ன சொன்னனான் எண்டு வந்து சொல்லு."

திறந்தன், குண்டுமணி. சேரிட்ட புளியங்கொட்டை எண்டு அந்த நிமிசமே தெரிஞ்சுது, ஆனா அவர் என்ன சொன்னவர்? மேல்மாடி முழுக்க எட்டிப் பாக்குது. திரும்பி வந்து "ஒண்டும் சொல்லேல்லை சேர்" எண்டன், வகுப்பே சிரிச்சுது. அந்த வருசம் முடியுமட்டும் நான் கை தூக்கேல்லை.

பின்னேரம் சைக்கிள் பார்க்கில சேர் என்ர ஹாண்டிலைப் பிடிச்சார். "குண்டுமணிதான் வரோணும் எண்டு உன்னால வரப்பண்ண ஏலாது. அப்ப எதை வைச்சு அண்ணாவுக்குச் சொல்லுவாய்? ஆனா தம்பி, நெருப்புப்பெட்டிக் கதை பாதிதான். மிச்சத்தைப் படிச்சு எனக்கு வந்து சொல்லு."

இஞ்ச ரொறன்ரோவுக்கு வந்துதான் மிச்சத்தைப் படிச்சன். 2022இல ஆஸ்பே, குளோசர், சைலிங்கர் மூண்டு பேருக்கும் இதுக்காகவே நோபல் குடுத்த அண்டு சேரின்ர நம்பரை எடுத்து வைச்சன். வேலை, பிள்ளையள், நாளைக்கு எடுப்பம் எண்டு விட்டது, விட்டதுதான்.

இப்ப சொல்லுறன் சேர். பெட்டிக்க என்ன இருக்கெண்டு முன்னமே தீர்மானமாகியிருந்து, ஒரு பக்கத்தில செய்யிறது மற்றப் பக்கத்தைத் தொடாமலும் இருந்தா, வேற வேற கோணத்தில அளக்கேக்க ரெண்டு பக்க விடைகளும் எவ்வளவுக்கு ஒத்துப்போகலாம் எண்டதுக்கு ஒரு எல்லை இருக்கெண்டு 1964இல ஜோன் பெல் எண்ட விஞ்ஞானி கணக்குப் போட்டுக் காட்டினவர். 1982இல பாரிஸுக்குப் பக்கத்தில ஆஸ்பே அளந்து பாக்க, ஒளித்துணிக்கையள் அந்த எல்லையைத் தாண்டிப் போச்சுது. அப்ப உள்ளுக்க புளியங்கொட்டையும் இல்லை, குண்டுமணியும் இல்லை, திறக்கேக்கதான் விடை வருது. 2017இல சீனாக்காரர் செய்மதியில இருந்து, ஒண்டுக்கொண்டு 1,200 கிலோமீட்டருக்கு மேல தள்ளியிருந்த ரெண்டு இடத்துக்குச் சோடி ஒளித்துணிக்கையளை அனுப்பிப் பாத்தும் அதேதான். ஆனாலும் நீங்கள் சொன்னதுதான் சரி. ஒரு பக்கத்தில நிண்டு பாத்தா வெறும் பூவா தலையா மாதிரித்தான் விழும். ரெண்டு பக்கத்துப் பட்டியலையும் பக்கத்தில பக்கத்தில வைச்சாத்தான் ஒற்றுமை தெரியும், அந்தப் பட்டியலைக் கடிதத்திலயோ போனிலயோதான் அனுப்போணும், அது ஒளியைத் தாண்டாது. உங்கட பட்டியலை மட்டும் எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டிருந்தாலும், இஞ்ச நான் பெட்டியைத் திறந்தனானோ எண்டுகூட உங்களுக்குத் தெரிய வராது சேர்.