தம்பிக்கு நினைவு இருக்கா, இல்லையா?

தம்பி பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ராத்திரி ஐசியு டாக்டர் சொன்னது, "ஜிசிஎஸ் ஆறு டி." அம்மா பாவம், "ஆறுன்னா நல்லதாப்பா?" என்று என்னிடம் கேட்டார். அப்புறம்தான் நானே தெரிந்துகொண்டேன், அடிபட்டவருக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்று பார்க்க 1974-ல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற டாக்டர்கள் கொண்டுவந்த அளவுகோல் அது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. ஒன்றுமே அசையாவிட்டாலும் 3 உண்டு. 8, அதற்குக் கீழே என்றால் கோமா என்று வைத்துக்கொள்கிறார்கள். தொண்டையில் குழாய் இருப்பவன் எங்கே பேசுவது, அதற்குத்தான் அந்த 'டி'.

மூன்றாவது வாரம் கண்ணைத் திறந்தான். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை, ஆனால் டாக்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, முழிப்பு வேறு நினைவு வேறு என்றார். "என் கையைப் பிடிக்கிறான் சார்" என்று நான் மல்லுக்கு நின்றேன். பேசாமல் தன் விரலை அவன் உள்ளங்கையில் வைத்தார், இறுக்கிக்கொண்டான். "விடு" என்றார், விடவில்லை. மூளையில் இப்படி அடிபட்டவர்களுக்கு உள்ளங்கையில் எது பட்டாலும் கை தானாக மூடிக்கொள்ளுமாம். ஒரு வாரமாக நான் அவனோடு பேசிக்கொண்டிருந்ததாக நினைத்ததெல்லாம் அதுதான். சரி, அதில் அவர் சொன்னது நியாயம். ஆனால் அடுத்து இரண்டே நிமிடம் பார்த்துவிட்டு 'வெஜிடேட்டிவ்', அதாவது முழிப்பு உண்டு, நினைவு இல்லை என்று எழுதிவிட்டுப் போனார் பாருங்கள், அதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றிய பிறகு வந்த தெரபிஸ்ட் அந்தத் தாளைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் பார்த்தது சிஆர்எஸ்-ஆர் என்ற, நினைவு இருக்கிறதா என்று படுக்கையோரமே பார்க்கும் பரிசோதனை. கேட்பது, பார்ப்பது, அசைவு, வாய், தொடர்பு, விழிப்பு என்று ஆறு பகுதி, மொத்தம் 23 மதிப்பெண். 2009-ல் வந்த ஓர் ஆய்வில், நினைவு இல்லை என்று மருத்துவக் குழுவே ஒத்துக்கொண்டவர்களை இதை வைத்துப் பார்த்தபோது நூற்றுக்கு 41 பேரிடம் நினைவு இருந்ததாம். நிமிர்த்தி உட்கார வைத்தார், டிவியை அணைக்கச் சொன்னார், தூக்கம் வரவைக்கும் மருந்து எப்போது கொடுத்தது என்று நர்சிடம் கேட்டார். பேனாவைக் காட்டினார், டார்ச்சைக் காட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. பையிலிருந்து கைக்கண்ணாடி ஒன்றை எடுத்து அவன் முகத்துக்கு எதிரே பிடித்து மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினார். கண் கூடவே போனது. நடுவில் விட்டுவிடாமல் கடைசிவரை போனது. அவர் முகத்தில் எதையும் காட்டாமல் மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து இன்னொரு முறை நகர்த்தினார், மறுபடியும் போனது. தன் முகம் என்றால் எவனுக்குமே ஒரு கண் இருக்கும்தானே! அன்றைக்கு 'குறைந்தபட்ச நினைவு நிலை' என்று எழுதினார்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது அதே கண்ணாடிக்கு அசையவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை, இவர்களுக்கு நினைவு வரும் போகும், இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது என்றார். எந்த நேரத்தில் கண் தெளிவாக இருக்கிறது என்று என்னைக் குறித்துவைக்கச் சொன்னார். பார்த்தால் காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள்தான் எல்லாமே. முதல் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தது சாயங்காலம்.

படுக்கையோரம் எதுவும் தெரியாவிட்டாலும் உள்ளே புரிந்துகொண்டிருப்பவர்கள் உண்டு என்பதையும் அவர்தான் சொன்னார். 2006-ல் ஏட்ரியன் ஓவன் என்ற மூளை ஆராய்ச்சியாளரின் குழு, எது சொன்னாலும் பதில் காட்டாத ஒரு பெண்ணை, மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனுக்குள் படுக்கவைத்து டென்னிஸ் ஆடுவதாக நினைக்கச் சொன்னபோது, மற்றவர்களுக்கு மூளையில் எந்த இடம் வேலை செய்யுமோ அதே இடம் அவருக்கும் செய்ததாம். எங்களுக்கு அந்த ஸ்கேன் வரை போகவேண்டி வரவில்லை.

பதினான்காவது வாரம் ஒரு கப்பைக் கொடுத்தார், வாய்க்குக் கொண்டுபோனான். அப்புறம் சீப்பு. கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆபரேஷனுக்கு மழித்த பக்கத்தில் அப்போதுதான் முளைத்திருந்த குட்டை முடியில் வைத்து ஒரு இழு இழுத்தான், அதுவும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. "எண்ணெய் வேணுமாடா?" என்று அம்மா கேட்டார்.